பங்காளி வீட்டு மராமத்துக்கு ஐஎஃப்சி: ஐந்து வருட அனுபவம்

செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் எங்கள் வீடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பதினொரு புள்ளி, அதாவது பதினொரு குடும்பங்களுக்குப் பங்கு. சென்னை, கோவை, கோலாலம்பூர் என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். மராமத்து என் பொறுப்பு என்பதால் 2020 முதல் வீட்டை பிம் எனும் கட்டடத் தகவல் மாதிரியாகக் கணினியில் வைத்திருக்கிறேன். சாதாரண வரைபடத்தில் சுவர் வெறும் கோடு. பிம்மில் அது எதனால் கட்டியது, எப்போது பூசியது, யார் பூசியது என்பதெல்லாம் அந்தச் சுவரோடேயே இருக்கும்.

முதலில் ஒரு கட்டண மென்பொருளில் வரைந்தோம். இரண்டாம் வருடம் சந்தா முடிந்ததும் எங்கள் கோப்பை எங்களாலேயே திறக்க முடியவில்லை. மறுபடி ஒரு மாதத்துக்குப் பணம் கட்டி வெளியே எடுத்தால் சுவரும் கூரையும் வந்தன, எழுதி வைத்த குறிப்புகளில் பாதியைக் காணோம். மனசே விட்டுப்போனது.

அப்புறம்தான் ஐஎஃப்சிக்கு வந்தேன். பிம் மாதிரியைச் சேமிக்க, எந்த நிறுவனத்தின் பிடியிலும் இல்லாத திறந்த கோப்பு வடிவம் இது. 2013இல் ஐஎஸ்ஓ 16739 என்ற சர்வதேசத் தரமானது. ஃப்ரீகேட் என்ற வரைபட மென்பொருள், பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளுக்குள் இயங்கும் போன்சாய் இரண்டிலும் திறக்கலாம், இரண்டும் இலவசம். ஒவ்வொரு உறுப்புக்கும் 22 எழுத்தில் தனி அடையாளம் உண்டு. அது மாறாமல் பார்த்துக்கொண்டால் வரலாறு அறுபடாது. மென்பொருள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் அமெரிக்கக் கட்டுமானத் துறைக்கு ஆண்டுக்கு 1,580 கோடி டாலர் நஷ்டம் என்றும், அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கட்டடத்தை வைத்து நடத்துபவர்கள் தலையில் விழுகிறது என்றும் அமெரிக்க அரசின் தர நிறுவனமான நிஸ்ட்டின் 2004 அறிக்கை சொல்கிறது. அந்த இரண்டாவது கணக்கு எனக்கு நன்றாகவே புரிகிறது.

2022 ஐப்பசி மழையில் இரண்டாம் கட்டின் கிழக்குப் பத்தியில் (தாழ்வாரத்தில்) ஒழுகல். கொத்தனார் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. "இங்க சிமெண்ட் போட்டிருக்காங்க தம்பி, சுண்ணாம்பு மேல நிக்காது" என்றார். தண்ணீர் இறங்கியது, இரண்டு கூரைச் சரிவு சேரும் கூடுவாயில் போட்ட தகரத்து ஓட்டை வழியாக. அதைக் காயவிடாமல் பிடித்து வைத்தது சிமெண்ட். மாதிரியில் அந்தச் சுவரைத் திறந்தால், ஆச்சியின் நோட்டிலிருந்து ஏற்றிய குறிப்பு இருந்தது: 1998, சிமெண்ட் பூச்சு. அதே குறிப்புள்ள சுவர்களைத் தேடியபோது இன்னும் இரண்டு அறைகள் வந்தன. அங்கேயும் தட்டிப் பார்த்தார், ஒன்று ஏற்கனவே உப்பியிருந்தது. ஒரே சாரத்தில் மூன்றையும் முடித்தோம்.

பங்காளிகளோடு பேசுவதுதான் பெரிய வேலை. எனக்குக் கிழக்கு அறை, இன்னொருவருக்கு அது பெரியாச்சி அறை. அதனால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் கண் மட்டத்தில் கி-7, மே-3 என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதி, அதே எண்ணை மாதிரியிலும் கொடுத்தோம். ஐந்து வருடத்தில் மிக அதிகம் பயன்பட்டவை இந்த எண்கள்தான். பிசிஎஃப் என்று ஒரு சிறு கோப்பு உண்டு. பிரச்சினையைப் படத்தோடும் உறுப்பின் அடையாளத்தோடும் அனுப்பலாம். கோலாலம்பூர் அண்ணன் மட்டும் அதைத் திறக்கிறார், மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ. சரி, அதுவும் போதும்.

தூண் செதுக்கலை வரைய உட்காராதீர்கள். எனக்கு மூன்று வாரம் போனது. பர்மா தேக்குத் தூணுக்கு ஓர் உருளையும் நான்கு போட்டோவும் போதும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லுக்கு மட்டும் நிறம், அச்சு, அளவு மூன்றையும் எழுதி வையுங்கள். கையால் வார்ப்பது என்பதால் பிறகு ஒத்த கல்லைக் கேட்டு வாங்க உதவும்.

எங்கள் வீட்டளவுக் கோப்பைத் திறக்க ஃப்ரீகேட் நேரம் எடுக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், வேலை முடிந்த அன்றே ஏற்றாமல் விடுவது. போன வருடம் மாற்றிய மின்கம்பியின் வழியை நான் ஏற்றவில்லை. இந்தச் சித்திரையில் படம் மாட்ட அடித்த ஆணி நேரே அதில் இறங்கியது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்போது போட்டோ எடுத்து, கோப்பில் ஏற்றிய பிறகுதான் வேலைக்கூலி. ஆணி பிடுங்கிய இடத்தை இன்னும் பூசவில்லை. மேற்குப் பத்திக் கம்பி முழுவதையும் ஆடிக்குள் அளந்து ஏற்றிவிட்டுப் பூசலாம் என்று இருக்கிறேன்.