படம் இருட்டாகத் தெரிந்தால் படத்தின் மேல் பழி போடாதீர்கள்

போன மாதம் ஒரு படத்தை இரண்டு மணி நேரம் இருட்டுக்குள் துழாவித் துழாவிப் பார்த்துவிட்டு, ஒளிப்பதிவு படுமோசம் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தப்பு ஒளிப்பதிவாளர் மேல் இல்லை என்று தெரிவதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. காசும் போய்விட்டது. அரங்கின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இது எந்த அரங்கிலும் நடக்கலாம், நடந்தாலும் பாதிப் பேருக்குத் தெரியாது.

பெரிய திரை, உயர்தர ஒலி என்று தனி வகுப்பு போட்டிருந்தார்கள். மற்ற காட்சிகளைவிடக் கட்டணம் அதிகம். சரி, போனால் போகிறது என்று இணையத்தில் நடு வரிசையாகப் பார்த்துப் பதிவு செய்தேன். முன்பதிவுக் கட்டணம் தனி. நான் கேட்காமலே டிக் போட்டு வைத்திருந்த ஒரு பெட்டியைக் கடைசி நொடியில்தான் கவனித்து எடுத்தேன். அதுவே ஒரு சகுனம் போல.

படம் ஆரம்பித்தது. வெள்ளைச் சட்டை பழுப்பாகத் தெரிந்தது. இரவுக் காட்சி வந்தால் குரல் மட்டும் கேட்கிறது, பேசுவது யார் என்று தெரியவில்லை. கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தேன். படத்துக்கு மேலும் கீழும் திரை வெறுமையாகச் சாம்பல் பட்டை போலத் தெரிந்தது; அதை மறைக்க வேண்டிய கறுப்புத் துணியை யாரும் நகர்த்தவில்லை. நம் படத்தில் ரகசியம் பேசினால் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது, பக்கத்து அரங்கில் வெடிக்கிற குண்டோ சுவர் வழியாக நன்றாகவே கேட்கிறது.

நாற்பது நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனேன். தாழ்வாரத்தில் ஈ காக்கை இல்லை. தின்பண்டக் கடையில் நின்ற பையன்தான் கண்ணில் பட்ட ஒரே ஊழியர்.

“அதெல்லாம் ஆட்டோமேட்டிக் சார், எங்க கையில ஒண்ணும் இல்ல” என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வந்த மேலாளர், உள்ளே எட்டிப் பார்க்காமலே சொன்னார்: “படமே அப்படித்தான் சார். டைரக்டர் ஸ்டைல்.”

நான் ஏமாந்தது இந்த வாக்கியத்தில்தான். நம்பிவிட்டேன். திரும்பிப் போய் மீதிப் படத்தையும் உட்கார்ந்து பார்த்தேன்.

அடுத்த வாரம் நண்பன் இழுத்ததால் அதே படத்தை வேறொரு அரங்கில், சாதாரணக் கட்டணத்தில் பார்க்க நேர்ந்தது. அதே இரவுக் காட்சியில் கதவோரமாக ஒருவர் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். கதையின் முடிச்சே அவர்தான். முதல் தடவை அப்படி ஒரு ஆள் நிற்பதே எனக்குத் தெரியவில்லை!

என் சித்தப்பா பிலிம் காலத்தில் பல வருடம் ஆபரேட்டராக இருந்தவர். அவரிடம் புலம்பினேன். முழுதாகக்கூடக் கேட்கவில்லை. “திரும்பிப் பார்த்தியாடா?”

“எதை சித்தப்பா?”

“புரொஜெக்டர் சன்னலை. வெளிச்சம் ஒண்ணா வந்துச்சா, ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டா வந்துச்சா?”

அதற்கு அர்த்தம் இதுதான். சில டிஜிட்டல் புரொஜெக்டர்களில் 3டி காட்டுவதற்கென்று இரட்டை லென்ஸ் ஒன்றைப் பொருத்துவார்கள். அது இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்குமான படங்களைத் தனித்தனி வடிகட்டி வழியாக அனுப்பும். சாதாரணப் படம் ஓட்டும்போது அதைக் கழற்ற வேண்டும். கழற்றுவது நேரம் பிடிக்கிற, பழகிய கை வேண்டிய வேலை. அதனால் அப்படியே விட்டுவிடுகிறார்கள், வெளிச்சத்தில் பெரும்பகுதி வடிகட்டியிலேயே செத்துவிடுகிறது. 2011இல் அமெரிக்காவில் இது பத்திரிகைகளில் நன்றாகவே அடிபட்டது. சன்னலில் இரண்டு ஒளிக்கற்றை தெரிந்து, நீங்கள் பார்ப்பது 3டி படமாகவும் இல்லை என்றால் இதுதான் சங்கதி. எல்லாக் கருவியிலும் இப்படித் தெரியாது. ஒற்றைக் கற்றையாக இருந்தாலும் புரொஜெக்டருக்குள் எரிகிற செனான் விளக்கு கிழடாகி மங்கிப்போயிருக்கலாம்.

படம் எவ்வளவு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்பதற்கு அளவு இருக்கிறது. பெரிய ஸ்டுடியோக்கள் சேர்ந்து 2005இல் வெளியிட்ட டிசிஐ விதிகளின்படி, சாதாரணப் படத்துக்குத் திரையின் நடுவில் 48 நிட் (திரையின் வெளிச்சத்தை அளக்கிற அலகு) வெளிச்சம் வேண்டும். ஒலிக்கும் அப்படித்தான், அரங்கின் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற டால்பி கருவியில் 7 என்ற இடம்தான் படத்துக்கு ஒலி சேர்த்தவர்கள் கேட்ட அளவு. யாராவது காது வலிக்கிறது என்று புகார் சொன்னால் 5க்கு இறக்குவார்கள். அப்புறம் ஏற்ற ஆள் இருக்காது.

சித்தப்பா காலத்தில் 2,000 அடி ரீல் ஏறக்குறைய 22 நிமிடம் ஓடும். அது முடியும் நேரம் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். அதைப் பார்த்து அடுத்த கருவிக்கு மாற்ற வேண்டும். அதற்காகவாவது ஒரு மனிதர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இப்போது படம் ஹார்ட் டிஸ்க்கில் வருகிறது, இன்ன தேதி வரைதான் திறக்கும் என்ற சாவியோடு. நேரம் வந்தால் விளக்கு தானே அணைந்து படம் தானே ஓடும். கீறல் கிடையாது, நூறாவது காட்சியும் முதல் காட்சி மாதிரியே இருக்கும். இதைச் சித்தப்பாவே ஒப்புக்கொள்கிறார். ஆனால் பல அரங்குகளில் திரையைப் பார்க்கிற ஆள்தான் காணாமல் போய்விட்டார். அந்த வேலையும் டிக்கெட் வாங்கியவர் தலையில் விழுந்துவிட்டது.

ஆகவே, விளம்பரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். படம் ஆரம்பித்ததும் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் முதல் பத்து நிமிடத்துக்குள் எழுந்து போங்கள். நாற்பது நிமிடம் போனபின் போனால், ‘இவ்வளவு நேரம் பார்த்தீர்களே’ என்பார்கள். “படம் சரியில்லை” என்று சொல்லாதீர்கள், அதற்கு அவர்களிடம் பதில் தயாராக இருக்கிறது. “இந்த அரங்கில் இதற்கு முன் ஓடியது 3டி படமா? லென்ஸை மாற்றினீர்களா?” என்று கேளுங்கள். மேலாளரை உள்ளே அழைத்து வந்து திரையைக் காட்டுங்கள். பணத்தையும் அப்போதே, அங்கேயே கேளுங்கள்.

நான் பின்னால் மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டதற்கு ஒரு கூப்பன் கிடைத்தது. வார இறுதியில் செல்லாதாம், அந்தப் பெரிய திரைக்கும் செல்லாதாம். முன்பதிவுக் கட்டணம் திரும்பாது என்று தனியாக ஒரு வரி.

நேற்று வேறொரு படத்துக்குப் போனேன். படம் தொடங்கியதும் இருக்கையில் பாதி எழுந்து பின்னால் பார்த்தேன். பின்வரிசைக்காரர், “யாரைத் தேடுறீங்க?” என்றார். ஒரே கற்றைதான். உட்கார்ந்துவிட்டேன்.