சமநிலை மரத்தைச் சோதிப்பது: மேலிருந்தா, கீழிருந்தா?

பைனரி மரம் என்பது, ஒவ்வொரு கணுவுக்கும் (தரவு தங்கும் இடத்துக்கும்) அதிகபட்சம் இரு பிள்ளைக் கணுக்கள் இருக்கக்கூடிய தரவு அமைப்பு. அத்தகைய மரத்தின் எந்தக் கணுவை எடுத்துக்கொண்டாலும், அதன் இடக்கிளை, வலக்கிளை ஆகியவற்றின் உயரங்கள் ஒன்றுக்கு மேல் வேறுபடக் கூடாது என்பதே 1962-இல் அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் முன்வைத்த ஏவிஎல் மரத்தின் நிபந்தனை. தற்சுழற்சியில், அதாவது தன்னையே அழைத்துக்கொள்ளும் செயற்கூறால், இதைச் சோதிக்க இரண்டு வழிகள் உண்டு.

மேலிருந்து இறங்கும் வழி, வரையறையை அப்படியே நிரலாக்குகிறது. வேரில் நின்று இருபுற உயரங்களையும் கண்டு ஒப்பிட்ட பின், அதே சோதனையை இரு பிள்ளைக் கணுக்களிலும் செய்கிறது. படிக்க மிகத் தெளிவானது என்றாலும், உயரம் காணும் செயற்கூறு நடந்த பாதையிலேயே திரும்பத் திரும்ப நடக்கிறது. முழுதும் நிரம்பிய 15 கணு மரத்தில் அது கணுக்களை 34 முறை தொடுகிறது. 1,023 கணுக்கள் என்றால் 8,194 முறை.

கீழிருந்து ஏறும் வழியில், ஒரு கணு தன் பிள்ளைகளிடமிருந்து விடை வந்த பிறகே தன் உயரத்தைக் கணக்கிட்டு மேலே அனுப்புகிறது. சமநிலை குலைந்திருந்தால் உயரத்துக்குப் பதிலாக -1 அனுப்புகிறது. 1,023 கணுக்களுக்கு 1,023 தொடுதல்களே போதும்.

ஒற்றைச் சங்கிலியாகச் சரிந்த மரத்தில்தான் முதல் வழி மிகவும் திணறும் என்று பலர் எழுதுவது சரியன்று. உயரங்களை முதலில் ஒப்பிட்டுவிட்டால், வேரிலேயே வேறுபாடு தெரிந்து வேலை உடனே முடிந்துவிடும். இடப்புறமாக நீளும் ஒரு தண்டு, அதன் ஒவ்வொரு கணுவின் வலப்புறமும் இடப்புறத்துக்குச் சமமான உயரத்தில் தொங்கும் ஒரு சங்கிலி என்று அமைந்த மரமே அதற்கு உண்மையான சோதனை. தண்டு முழுவதும் சோதனையில் தேறிவிடுவதால், பிழை அடியில் பிடிபடும் வரை உயரங்கள் மறுபடி மறுபடி கணக்கிடப்பட்டு, உழைப்பு n√n அளவுக்கு (n என்பது கணுக்களின் எண்ணிக்கை) ஏறுகிறது.

அழைப்பு ஆழத்தில், அதாவது ஒன்றுக்குள் ஒன்றாக நிலுவையில் நிற்கும் அழைப்புகளின் எண்ணிக்கையில், இரண்டுக்கும் வேறுபாடில்லை. பைத்தான் நிரல்மொழியில் இதற்கான இயல்பான வரம்பு 1,000 என்பதால், அதைவிட நீண்ட சங்கிலியில் இரண்டுமே முறிந்துவிடும்.

நான் கீழிருந்து ஏறும் வழியையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் -1 என்ற அடையாளத்தை ஏற்கமாட்டேன். வெற்று மரத்தின் உயரம் 0 என்று வைத்துக்கொண்டால் சிக்கலில்லை. இலைக்கு (பிள்ளைகளே இல்லாத கணுவுக்கு) 0, வெற்று மரத்துக்கு -1 என்று வைத்துக்கொள்ளும் மரபும் பரவலாக இருக்கிறது. அந்த மரபில் எழுதிய நிரலில் இந்த அடையாளத்தைச் சேர்த்தால், இலையின் வெற்றுப் பிள்ளையே பிழையாகத் தெரிந்து, எந்த மரத்தைக் கொடுத்தாலும் சமநிலையற்றது என்றே விடை வரும். உயரத்தையும் சரியா தவறா என்ற விடையையும் தனித்தனி மதிப்புகளாக, ஓர் இணையாகத் திருப்பி அனுப்பினால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இராது.