ஏழடிக்காரரை வளர்ப்பதா, வாங்குவதா?

2024 ஏப்ரல் 8. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் பர்டூ பல்கலைக்கழகத்தின் ஸாக் ஈடி, 7 அடி 4 அங்குலம். எதிரே யூகான் என்ற கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் டோனவன் கிளிங்கன், 7 அடி 2 அங்குலம். ஈடி 37 பாயிண்ட் அடித்தார், 10 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்து) எடுத்தார். அப்படியும் யூகான் 75-60 என்று ஜெயித்துக் கோப்பையை வாங்கிக்கொண்டு போனது.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் அந்த 37 பாயிண்டைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு. இரண்டு சென்டர்களுமே (கூடைக்குக் கிட்டே ஆடும் உயரமான வீரர்கள்) வேறு கல்லூரியிலிருந்து வந்தவர்கள் இல்லை. முதல் வருடம் இருவரும் தங்களுக்கு முந்தைய ஒரு மூத்த வீரருக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள். வருடா வருடம் பாதி அணி மாறிப்போகும் இந்தக் காலத்தில் இது சாதாரண விஷயம் இல்லை.

மாறிப்போவதற்கான கதவு ஒரே நாளில் திறக்கவில்லை. 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது, கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பெயர்ப் பட்டியல் அது. அதற்கு முன்பு கல்லூரி மாறினால் பெரும்பாலும் ஒரு வருடம் ஆடாமல் இருக்க வேண்டும். 2021-ல் ஒருமுறை மட்டும் காத்திருக்காமல் மாறலாம் என்றார்கள். அதே வருடம் ஜூலையில், வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கலாம் என்றானது. 2024-ல் படிப்பு சரியாக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றானது. வீரர்களுக்கு இது நியாயமான உரிமை. கோச் மட்டும் நினைத்தபோது வேறு கல்லூரிக்குப் போகலாம், பையன் போகக் கூடாது என்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் இந்த மாற்றம் கார்டுகளை, அதாவது பந்தைத் தட்டி வந்து ஆட்டத்தை நடத்துபவர்களை, ஒரு மாதிரியும் சென்டர்களை இன்னொரு மாதிரியும் பாதிக்கிறது.

காரணம், உயரமான பையன் மெதுவாகத்தான் தயாராகிறான். கார்டு ஆடுபவன் ஏழெட்டு வயதிலேயே பந்தைத் தட்டத் தொடங்கியிருப்பான். சென்டர் பல சமயம் உயரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கப்படுபவன். பந்து கைக்கு வருவதே தாமதமாகத்தான். ஈடி சின்ன வயதில் ஐஸ் ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடியவர், கூடைப்பந்தைத் தொட்டது பத்தாம் வகுப்பு வயதில். டிம் டங்கன் நீச்சல்காரர். 1989-ல் ஹியூகோ புயல் ஊர் நீச்சல் குளத்தை அழித்த பிறகே இந்தப் பக்கம் வந்தார். ஹக்கீம் ஒலாஜுவான் நைஜீரியாவில் கால்பந்தும் ஹேண்ட்பாலும் ஆடியவர். பள்ளியில் இப்படிப்பட்ட பையனை எதிர்த்து நிற்க அவன் உயரத்துக்கு ஆளே இருக்காது. கல்லூரிக்கு வந்த பிறகுதான் முதல்முறையாகத் தன்னைப் போன்ற ஒருவனோடு முட்டுகிறான். அதுவரை கையை நீட்டினாலே போதும் என்றிருந்தவனுக்கு அன்றுதான் கால் வேலை வேண்டும் என்று புரிகிறது.

அந்தக் கால் வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். கூடைக்கு நேர் கீழே நில். இடது காலை ஊன்றி வலது கையால் போடு. வலையிலிருந்து விழும் பந்தைத் தரையைத் தொட விடாமல், தலைக்கு மேலேயே பிடி. அடுத்த காலடி மறுபக்கம். வலது காலை ஊன்றி இடது கையால் போடு. பந்தை மார்புக்குக் கீழே இறக்கக் கூடாது, இறக்கினால் குள்ளமான கார்டு தட்டிவிடுவான். இதற்கு மைக்கன் டிரில் என்று பெயர். 1940-களில் டிபால் கல்லூரியில் ஜார்ஜ் மைக்கன் என்ற 6 அடி 10 அங்குலப் பையனுக்கு கோச் ரே மேயர் இதைத்தான் மணிக்கணக்கில் செய்யச் சொன்னார். கயிறு தாண்ட வைத்தார், நடனம்கூடக் கற்க வைத்தார். நடையே தடுமாறிய பையன் அந்தத் தலைமுறையின் பெரிய ஆட்டக்காரர் ஆனார். எண்பது வருடம் ஆகியும் இதற்குக் குறுக்கு வழி வரவில்லை.

சரி, ஒரு கல்லூரி அணிக்கு சென்டர் வேண்டுமென்றால் மூன்று வழி இருக்கிறது. வளர்ப்பது, ஒரே வருடத்துக்கு ஒரு நட்சத்திரத்தைப் பிடிப்பது, போர்ட்டலில் ஆள் எடுப்பது.

ஒரு வருட நட்சத்திரத்தை முதலில் முடித்துவிடுகிறேன், சொல்ல அதிகம் இல்லை. 2006 டிராஃப்ட் (தொழில்முறை அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் பள்ளியிலிருந்து நேராக என்.பி.ஏ. என்ற தொழில்முறை லீகுக்குப் போக முடியாது. அதனால் பெரிய திறமைசாலிகள் ஒரு வருடம் கல்லூரியில் தங்கிவிட்டுப் போனார்கள். 2012-ல் கென்டக்கிக்கு அந்தோணி டேவிஸ் கிடைத்தார். இறுதி ஆட்டத்தில் அவர் அடித்தது 6 பாயிண்ட்தான், ஆனால் 16 ரீபவுண்ட், 6 பிளாக் (எதிராளி போடும் பந்தைத் தடுப்பது). கோப்பை வந்தது. அந்த அணியிலிருந்து ஆறு பேர் ஒரே டிராஃப்டில் போனார்கள். அடுத்த வருடம் புதிதாக நெர்லன்ஸ் நோயலைக் கொண்டுவந்தார்கள். பிப்ரவரியில் அவர் முழங்கால் தசைநார் கிழிந்தது. கென்டக்கி, தேசியக் கோப்பைக்கான என்.சி.ஏ.ஏ. போட்டிக்கே தகுதி பெறவில்லை. பின்னால் நிற்க வளர்ந்த ஆள் இல்லை என்பதுதான் இந்த வழியின் ஓட்டை. அதோடு டேவிஸ் மாதிரி ஒருவர் பத்து வருடத்துக்கு ஒருமுறை வருவார். அவரை நம்பித் திட்டம் போடுவது மழையை நம்பி மானாவாரி விதைப்பது போல.

இதற்கு நேர் எதிர் ஃபிராங்க் கமின்ஸ்கி. விஸ்கான்சினில் முதல் வருடம் சராசரி 1.8 பாயிண்ட். இரண்டாம் வருடம் 4.2. இன்றைய நிலவரத்தில் அந்த இரண்டாம் வருடத்துக்குப் பிறகு அவர் அங்கே இருந்திருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். வேறொரு சின்னக் கல்லூரி அதிக நிமிடம் தருகிறேன் என்று கூப்பிட்டிருக்கும், அல்லது விஸ்கான்சினே அவர் இடத்துக்கு வேறு ஆள் தேடியிருக்கும். அவர் இருந்தார். மூன்றாம் வருடம் 13.9, நான்காம் வருடம் 18.8, நாட்டின் சிறந்த வீரர் விருது. 2015-ல் 38 ஆட்டத்திலும் தோற்காமல் வந்த கென்டக்கியை அரையிறுதியில் 71-64 என்று விஸ்கான்சின் நிறுத்தியது. இறுதியில் டியூக்கிடம் தோற்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டியூக்கின் சென்டர் ஜாலீல் ஓகாஃபோர் ஒரு வருட நட்சத்திரம்.

பர்டூ இன்னும் தெளிவான உதாரணம். ஈடி வந்தபோது நாட்டின் முதல் நானூறு பேர் பட்டியலில்கூட இல்லை. முதல் வருடம் ஆட்டத்துக்குச் சுமார் 15 நிமிடம், 8.7 பாயிண்ட். இரண்டாம் வருடம் 19 நிமிடம், 14.4. மூன்றாம் வருடம் 22.3, நான்காம் வருடம் 25.2. கடைசி இரண்டு வருடமும் நாட்டின் சிறந்த வீரர் அவர்தான். ரால்ஃப் சாம்ப்சனுக்குப் பிறகு அப்படி யாரும் அடுத்தடுத்து எடுத்ததில்லை. இந்த எண்களுக்குப் பின்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள். முதல் இரண்டு வருடம் பயிற்சியில் தினமும் அவரோடு முட்டிய மூத்த சென்டர் டிரெவியன் வில்லியம்ஸ். கடைசி இரண்டு வருடம் பந்தைச் சரியான இடத்தில், சரியான நொடியில் கொடுத்த கார்டு பிரேடன் ஸ்மித். சென்டர் தானாகப் பந்தை எடுத்து வர முடியாது, யாராவது கொடுக்க வேண்டும். எந்தத் தோள் பக்கம் திரும்புவான், கையை எந்த உயரத்தில் காட்டுவான் என்பது கார்டுக்கு மனப்பாடம் ஆக ஒரு சீசன் போதாது.

அதே சமயம் ஒன்றையும் மறைக்கக் கூடாது. ஈடி வந்த அதே 2020-ல்தான் 7 அடி 3 அங்குல மாட் ஹார்ம்ஸ் பர்டூவை விட்டு பி.ஒய்.யூ. என்ற கல்லூரிக்குப் போனார். அவர் இருந்திருந்தால் ஈடிக்கு அந்த 15 நிமிடம் கிடைத்திருக்குமா தெரியாது. ஆள் மாறுவது சில சமயம் வளர்கிறவனுக்கு இடமும் விடுகிறது. வளர்த்துவிட்டால் தோல்வியே இல்லை என்பதும் இல்லை. 2023 மார்ச்சில் ஃபேர்லி டிக்கின்சன் என்ற அணி, தன் பிரிவில் கடைசி நிலையான 16-ல் வைக்கப்பட்டது, கல்லூரி ஆட்டத்தின் மேல்மட்டமான முதல் டிவிஷனிலேயே குள்ளமான அணி, பர்டூவை 63-58 என்று முதல் சுற்றிலேயே அனுப்பியது. அதைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. அடுத்த வருடமும் ஈடி திரும்பி வந்தார், கோச் மாட் பெயின்டர் அணியைக் கலைக்கவில்லை. வெளியிலிருந்து எடுத்த முக்கியமான ஆள் ஒரே ஒரு கார்டு, சதர்ன் இல்லினாயிலிருந்து லான்ஸ் ஜோன்ஸ். அந்த அணிதான் இறுதி ஆட்டம் வரை போனது.

இனி போர்ட்டல். 2023-ல் சந்தையில் இருந்த மிகப் பெரிய பெயர் ஹன்டர் டிக்கின்சன், 7 அடி 2 அங்குலம். மிச்சிகனில் மூன்று வருடம் ஆடிவிட்டு கேன்சஸ் போனார். கேன்சஸ் இரண்டு சீசனையும் ஏ.பி. செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் முதலிடத்தில் தொடங்கியது. 2024-ல் இரண்டாம் சுற்றில் கன்சாகாவிடம் தோல்வி; முக்கிய வீரர் கெவின் மெக்கல்லர் அப்போது காயத்தில் இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2025-ல் முதல் சுற்றிலேயே ஆர்கன்சாவிடம் தோல்வி. டிக்கின்சனைக் குறை சொல்ல மாட்டேன். பாயிண்டும் ரீபவுண்டும் அவரிடமிருந்து வந்துகொண்டே இருந்தன. இரண்டாம் வருடம் அவரைச் சுற்றி நின்றவர்களில் பலர் அந்தக் கோடையில்தான் வந்து சேர்ந்தவர்கள். வளர்ந்த சென்டர் கிடைத்தார், அவரோடு வளர்ந்த அணி கிடைக்கவில்லை.

அப்படியென்றால் 2025-ல் மிச்சிகன் எப்படி ஜெயித்தது என்று கேட்பீர்கள். முந்தைய சீசனில் 8 வெற்றி, 24 தோல்வி என்று கிடந்த அணி, விளாட் கோல்டின், டானி வுல்ஃப் என்று இரண்டு ஏழடிக்காரர்களை வெளியிலிருந்து எடுத்து 27 ஆட்டம் ஜெயித்து, கடைசி 16 வரை போனது. பார்க்க இது வாங்கும் வழியின் வெற்றி. உற்றுப் பார்த்தால் கோல்டின் யாரோடு வந்தார்? புது கோச் டஸ்டி மேவோடு. டெக்சஸ் டெக்கில் பெஞ்சில் இருந்த கோல்டினை ஃபுளோரிடா அட்லாண்டிக்கில் மூன்று வருடம் பழக்கியவர் அதே மே. வுல்ஃபும் யேலில் முதல் வருடம் அதிகம் ஆடாமல் காத்திருந்து, இரண்டாம் வருடம் மலர்ந்தவர். வாங்கியது உண்மை, ஆனால் வளர்ப்பு ஏற்கெனவே எங்கேயோ நடந்து முடிந்திருந்தது.

என் கவலை இங்கேதான். எல்லோரும் விளைந்ததை வாங்க வந்து நின்றால் நாற்று விடுவது யார்? சின்னக் கல்லூரி இரண்டு வருடம் பாடுபட்டு ஒரு பையனைக் காலில் நிற்க வைக்கிறது, மூன்றாம் வருடம் பெரிய கல்லூரி கூப்பிடுகிறது. பெரிய கல்லூரியிலோ இரண்டாவது சென்டர் காத்திருப்பதில்லை, அதனால் முதல் சென்டருக்குப் பயிற்சியில் முட்ட ஆளில்லை. கிளிங்கன் முதல் வருடம் அடாமா சனோகோவுக்குப் பின்னால் 13 நிமிடம்தான் ஆடினார். அந்த ஒரு வருடம் தினமும் சனோகோவைத் தாங்கி நின்ற உடம்புதான் இறுதி ஆட்டத்தில் ஈடியைத் தனியாக மறித்தது. உதவிக்கு இன்னொருவரை அனுப்பத் தேவைப்படாததால், மற்ற நால்வரும் தங்கள் ஆளை விட்டு நகரவில்லை. ஈடிக்கு 37 பாயிண்ட் போனாலும் தூரத்திலிருந்து போடும் மூன்று பாயிண்ட் ஷாட்டில் பர்டூவுக்கு ஆட்டம் முழுக்க ஒன்றே ஒன்றுதான் விழுந்தது.

ஆகவே என் கட்சி இது: கார்டை வாங்கு, சென்டரை வளர். பந்தைத் தட்டி வரவும் தூரத்திலிருந்து போடவும் தெரிந்தவர் எந்த அணியிலும் ஓரளவு சீக்கிரம் பொருந்துகிறார். யூகானே சாட்சி. கிளிங்கன் சொந்த மண், கனெக்டிகட்டின் பிரிஸ்டல்காரர். டிரிஸ்டன் நியூட்டனும் கேம் ஸ்பென்சரும் வெளியிலிருந்து வந்த கார்டுகள். சென்டரை வெளியிலிருந்து எடுத்தே தீர வேண்டும் என்றால், கடைசி வருடத்துக்காரரை விட முதல் இரண்டு வருடத்தில் இருப்பவரை எடுத்து வைத்துக்கொள்வது மேல்.

2025 சாம்பியன் ஃபுளோரிடா அதைத்தான் செய்தது. கார்டுகள் வால்டர் கிளேட்டன் அயோனாவிலிருந்து, அலைஜா மார்ட்டின் ஃபுளோரிடா அட்லாண்டிக்கிலிருந்து, வில் ரிச்சர்ட் பெல்மான்டிலிருந்து. உள்ளே ஆடியவர்களில் அலெக்ஸ் கான்டன் ஆஸ்திரேலியாவிலிருந்து நேராக வந்து அங்கேயே வளர்ந்தவர். ரூபன் சின்யெலு வாஷிங்டன் ஸ்டேட்டில் ஒரே வருடம் ஆடிவிட்டு வந்தவர். மைக்கா ஹேண்ட்லாக்டன் 2024 மார்ச்சில் கால் முறிந்து, பதினோரு மாதம் கழித்துத் திரும்பி வந்தவர். அதுவரை அவர் இடத்தை அணி காலி செய்யவில்லை. ஹூஸ்டனை 65-63 என்று தோற்கடித்துக் கோப்பை வாங்கியதும் அந்த மூன்று கார்டுகளும் போய்விட்டார்கள். கான்டன் டிராஃப்டில் பெயர் கொடுத்துவிட்டு, திரும்ப எடுத்துக்கொண்டு இன்னொரு வருடத்துக்கு வந்தார். சின்யெலுவும் ஹேண்ட்லாக்டனும் அப்படியே இருந்தார்கள். ஃபுளோரிடா போர்ட்டலுக்குப் போய் எடுத்தது ஆர்கன்சாவிலிருந்து பூகி ஃபிளாண்ட், பிரின்ஸ்டனிலிருந்து சேவியன் லீ. இருவரும் கார்டுகள்.