குழு ப்ராஜெக்டுக்கு ஜமோவி போதுமா? மஞ்சள் விலையை வைத்து ஓட்டிப் பார்த்தது

புள்ளியியலில் குழு ப்ராஜெக்ட் என்றதும் பசங்க முதலில் தேடுவது கிராக் செய்த எஸ்.பி.எஸ்.எஸ். என்ற கட்டண மென்பொருள். தேவையே இல்லை. ஜமோவி என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம், திறந்த மூலம், உள்ளே ஓடுவது புள்ளியியலுக்கான ஆர் மொழி, விண்டோஸ், மேக், லினக்ஸ் எதில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், ஒரு தடவை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலே வேலை நடக்கும்.

எங்கள் தலைப்பு மஞ்சள் விலை. ஈரோடு, பெருந்துறை, கோபி ஏலங்களில் விரலிக்கும் (விரல் போல நீண்டது) கிழங்குக்கும் (உருண்டையானது) குவிண்டால் விலை தனித்தனியாக வரும், பேப்பரிலேயே போடுவார்கள். சேகரிப்பதில் சிரமமில்லை, அடிப்பதில்தான் சிரமம். ஒருத்தர் 8500 என்று அடிப்பார், இன்னொருத்தர் "8,500 ரூ" என்று அடிப்பார். அப்படி அடித்த நெடுவரிசையை ஜமோவி எழுத்தாக எடுத்துக்கொள்ளும், கோரிலேஷனுக்குள் (இரண்டு எண்கள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று அளப்பது) விடாது. அதைவிட முக்கியம், டேபிளில் ஒரு வரி என்றால் என்ன என்று முதலிலேயே பேசி முடிப்பது. குழுவில் ஒருத்தியின் அப்பாரு மஞ்சள் போடுபவர், டேபிளைப் பார்த்ததும் கேட்ட ஒரே கேள்வி, "இது புது மஞ்சளுங்களா, பழசுங்களா?" இரண்டுக்கும் விலை வேறு. ப்ராஜெக்ட் கைடு கேட்காத கேள்வி அது.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஜமோவி சேமிக்கும் ஓ.எம்.வி. ஃபைல். டேட்டா, செய்த அனாலிசிஸ், வந்த ரிசல்ட், என்னென்ன டிக் செய்தோம் என்பது எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கும், யார் திறந்தாலும் அடுத்தவர் என்ன செய்தார் என்று தெரியும், ஒரு எண்ணைத் திருத்தினால் டேபிளும் படமும் கூடவே மாறும். ஆனால் கம்ப்யூட்டரில் போட்ட பதிப்பில் ஒரே நேரத்தில் நாலு பேர் கை வைக்க முடியாது. வாட்ஸ்அப்பில் ஃபைனல், ஃபைனல்2, உண்மையான ஃபைனல் என்று சுற்ற ஆரம்பித்துவிடும், அதனால் ஃபைலுக்கு ஒருத்தர் பொறுப்பு என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள்.

இப்போது கோரிலேஷன். ரெக்ரஷன் (சில எண்களை வைத்து இன்னொன்றைக் கணிப்பது) மெனுவில் கோரிலேஷன் மேட்ரிக்ஸ். பியர்சன், ஸ்பியர்மேன், கெண்டால் என்ற வகைகள் எல்லாம் டிக் அடித்தால் வரும், புள்ளியியல்படி முக்கியம் என்று காட்டும் நட்சத்திரமும் போட்டுத் தரும். வம்பே அந்த நட்சத்திரம்தான். விரலியும் கிழங்கும் ஒரே மார்க்கெட்டில் ஒரே காரணத்துக்காக ஏறி இறங்குபவை, 1-ஐ ஒட்டி வராவிட்டால்தான் சந்தேகப்படணும், அதைக் கண்டுபிடிப்பு என்று எழுத முடியாது. வேறொன்றைக் கணிக்க இரண்டையும் சேர்த்து ஒரே ரெக்ரஷனில் போடுவதாக இருந்தால் கொலினியாரிட்டியை டிக் செய்து, இரண்டும் எவ்வளவு ஒட்டியிருக்கின்றன என்று காட்டும் வி.ஐ.எஃப். எண்ணைப் பாருங்கள், 10-ஐத் தாண்டினால் ஒன்றைக் கழற்றிவிடலாம்.

அடுத்தது நாமக்கல் முட்டை விலையையும் மஞ்சள் விலையையும் ஜோடி சேர்க்கும் ஆசை, எல்லாக் குழுவிலும் யாராவது ஒருத்தருக்கு வரும். இரண்டும் வருஷக்கணக்கில் மேலே போனால் கோரிலேஷனும் மேலேதான் வரும். 1926-லேயே யூல் என்ற புள்ளியியலாளர் இதைக் காட்டிவிட்டார்: 1866 முதல் 1911 வரை இங்கிலாந்தில் சர்ச் ஆஃப் இங்கிலாந்து முறையில் நடந்த கல்யாணங்களின் பங்குக்கும் இறப்பு விகிதத்துக்கும் கோரிலேஷன் 0.95! சர்ச் கல்யாணத்தைக் குறைத்தால் ஆயுள் கூடும் என்று யாராவது சொல்வார்களா? இன்றைய விலை முந்தைய ஏல விலை மேலேயே உட்கார்ந்திருக்கும், ஆனால் பி-மதிப்பு (நட்சத்திரம் விழுவதே இதை வைத்துத்தான்) கணக்கிடப்படுவது ஒவ்வொரு வரியும் தனி என்று எடுத்துக்கொண்டு. ஜமோவி இதைத் தானாகச் சொல்லாது. ரெக்ரஷனில், அடுத்தடுத்த வரிகளின் பிழைகள் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்கும் டர்பின்-வாட்சன் இருக்கிறது, 2-க்குப் பக்கத்தில் வந்தால் சரி, ரொம்பக் கீழே போனால் ஆஃப்செட் ஃபங்ஷனை வைத்து முந்தைய விலையைக் கழித்து, மாற்றத்தை மட்டும் எடுத்து மறுபடி கோரிலேஷன் போடுங்கள். நட்சத்திரம் பாதி உதிர்ந்தாலும் ரிப்போர்ட்டில் அதையே எழுதுங்கள், வைவாவில் பேச விஷயம் கிடைக்கும்.

மூன்று மார்க்கெட்டையும் சேர்த்துப் பார்க்க, மார்க்கெட்டுக்கு மார்க்கெட் உள்ள வித்தியாசத்தையும் கணக்கில் எடுக்கும் மிக்ஸட் மாடல் வேண்டுமென்றால் காம்ல்ஜே என்ற இலவச மாட்யூலைச் சேர்த்துக்கொள்ளலாம். இளங்கலை ப்ராஜெக்டுக்கு இது தாராளம். விலையை முன்கணிக்கணும், அதற்கான அரிமா மாடல் வேணும் என்கிறவர்கள் நேராக ஆர்-க்கே போய்விடுங்கள்.