கடதாசிப் பால் பெட்டியின் ஒட்டு: சூடான காற்றா, தூண்டலா, கழியொலியா?

மட்டக்களப்பில் பால் என்றால் படுவான்கரையின் மாட்டுப் பட்டிகளும் எருமைத் தயிர்ச் சட்டியும்தான் முதலில் நினைவுக்கு வரும். சட்டியின் வாயைத் தாளால் மூடிக் கட்டினாலே உறைந்த தயிர் ஊர் தாண்டிப் போய்ச் சேர்ந்துவிடும்; திரவமாகவே கடைக்குப் போக வேண்டிய பாலுக்கும் பழப் பானத்துக்கும் அந்த வசதி இல்லை. கடதாசிப் பெட்டியில் அடைத்த பானத்தின் ஆயுள், பெட்டி மடிந்து ஒட்டும் சில மில்லிமீற்றர் அகலமான ஒரு கோட்டில் தங்கியிருக்கிறது.

சென்ற மாரியில், ஏறாவூர்ப் பக்கத்துச் சிறு தொழிலகமொன்றில் பாலும் விளாம்பழப் பானமும் நிரப்பிய பெட்டிகள் கசிகின்றன என்று அழைத்தார்கள். பொறுப்பாளர் குளிரறையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துவந்து, "தம்பி, பார்க்க ஒரு குறையுமில்ல, மேல் மடிப்பத் தொட்டுப் பாருங்க" என்றார். மடிப்பின் நடுப்பகுதி மட்டும் ஈரத்துணிபோல் தொய்ந்திருந்தது. "புது மெசின் எடுக்கிறதெண்டா எது எடுக்கலாம்?" என்பதே அவருடைய அடுத்த கேள்வி. "அதுக்கு முதல் இது ஏன் ஒழுகுதெண்டு பாப்பம் காக்கா" என்றேன். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

இரண்டு வகைப் பெட்டிகளை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். குளிரூட்டி வைத்துச் சில நாட்களுக்குள் குடிக்கும் பாலுக்கான பெட்டியில், தடித்த கடதாசி அட்டையின் இரு பக்கமும் பொலித்தீன் பூசப்பட்டிருக்கும். மாதக்கணக்கில் குளிரூட்டாமல் வைக்கும் பாலுக்கான பெட்டியிலோ இவற்றுக்கு நடுவே 6 முதல் 9 மைக்கிரோன் வரை தடிப்புள்ள அலுமினியத் தாளும் சேர்ந்து, அடுக்குகள் பொதுவாக ஆறாகும். எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு அட்டைதான். எந்த வகையானாலும் பெட்டியை ஒட்டுவது பசையன்று. உட்புறப் பொலித்தீன் ஏறத்தாழ 105 முதல் 115 பாகை செல்சியஸில் உருகி, எதிர்ப்பக்கப் பொலித்தீனோடு அழுத்தப்பட்டு, அழுத்தம் விலகுமுன் ஆறி இறுக வேண்டும். வெப்பம், அழுத்தம், நேரம் ஆகிய மூன்றும் எல்லா முறைக்கும் பொதுவானவை. வெப்பம் எங்கே பிறக்கிறது என்பதில்தான் முறைகள் வேறுபடுகின்றன.

ஏறாவூர்த் தொழிலகத்தில் இருந்தது சூடான காற்று முறை. கூரைபோல் மேலே மடியும் பெட்டிகளுக்கு இதுவே பழகிய வழி. 1915இல் அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஜோன் வான் வோர்மர் காப்புரிமை பெற்ற மடிப்பின் வழிவந்தவை இப்பெட்டிகள். பொலித்தீனின் உருகுநிலையைப் போல் பல மடங்கு சூடான காற்று மேல் விளிம்பின் உட்புறத்தில் ஊதப்பட, மேற்பரப்பு உருகியதும் குளிர்ந்த தாடைகள் நெரித்துப் பிடிக்கின்றன. எளிய பாகங்கள், உள்ளூர்ப் பொறியாளர் கழற்றிப் பூட்டக்கூடிய அமைப்பு, குறைந்த முதலீடு ஆகியவை இதன் பலம். விளிம்பு உலர்ந்திருக்க வேண்டும் என்பதே இதன் பெரிய நிபந்தனை. நிரப்பும்போது தெறித்த ஒரு துளி பால் அங்கே இருந்தால், காற்றின் வெப்பத்தை அந்தத் துளி வாங்கிக்கொள்ள, அதன் அடியிலுள்ள பொலித்தீன் உருகாமல் நிற்கும்.

எங்கள் கரையோரத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஐப்பசி தொடங்கித் தை வரை வாவிக்கரைக் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். திறந்து வைத்த அட்டைகள் வெட்டு விளிம்பு வழியாக அந்த ஈரத்தை உறிஞ்சும். அப்படிப்பட்ட அட்டையில் சூடான காற்று பட்டதும் உள்ளே ஆவி கிளம்பிப் பொலித்தீனைக் கொப்பளமாகத் தூக்கி, ஊசித்துளைகளை விட்டுச் செல்கிறது. ஒட்டுச் சரியில்லை என்று இயக்குநர் வெப்பத்தை மேலும் கூட்டினால் கொப்பளம் பெருகும். குறைத்தால் ஒட்டுப் பிடிக்காது. அந்தத் தொழிலகத்தில் இந்த இழுபறிதான் பல வாரங்களாக நடந்திருந்தது. அட்டைக் கட்டுகள் கூரை ஒழுக்குக்குக் கீழே பிரித்தபடி கிடந்தன.

கசிவின் பாதையைக் காணச் சிவப்புச் சாயச் சோதனை செய்தோம். பெட்டியை நடுவில் அறுத்து, மேற்பாதியைக் கழுவி உலர்த்தி, ஒட்டின் உட்பக்கம் நெடுக மதுசாரத்தில் கரைத்த சாயத்தை விட்டுச் சில நிமிடம் பொறுத்தபின், மடிப்பை மெதுவாகப் பிரித்தோம். உள்நோக்கி மடிந்து வரும் இரு பக்கத் தாள்கள் நடுவில் சந்திக்கும் புள்ளியில், தலைமயிர் அளவான ஒரு சிவப்புக் கோடு உள்ளிருந்து வெளிவிளிம்பு வரை ஓடியிருந்தது. அங்கே தாள்களின் எண்ணிக்கை நான்கிலிருந்து இரண்டாக இறங்குகிறது; பக்க ஒட்டு ஏறிவரும் மூலையில் ஐந்தாகக் கூடுகிறது. தட்டையான தாடை தடித்த இடத்தில் முட்டி நின்றுவிட, மெல்லிய இடத்தில் அழுத்தம் இல்லாமல் போகிறது. எந்த முறைக்கு மாறினாலும் இந்தப் படி வித்தியாசம் கூடவே வரும் என்பதை இயந்திரம் வாங்குவோர் மறந்துவிடுகிறார்கள்.

தூண்டல் முறையில், தாடையிலுள்ள செப்புச் சுருளில் உயர் அதிர்வெண் மின்னோட்டம் பாய, பெட்டியின் அலுமினியத் தாளில் சுழி மின்னோட்டம் எழுந்து, அந்தத் தாளே சூடாகிறது. வெப்பம் உட்புறப் பொலித்தீனை ஒட்டியே பிறப்பதால் ஒரு வினாடியின் சிறு பங்கில் வேலை முடிந்துவிடும். சுருளையும் தாடையையும் தண்ணீர் குளிர்வித்துக்கொண்டிருக்கும். 1951இல் சுவீடனின் லுண்ட் நகரில் நிறுவப்பட்ட டெட்ரா பாக் நிறுவனத்தின் நீண்ட ஆயுள் பெட்டிகளில், பால் நிறைந்த குழாய் வடிவத் தாளைப் பால்மட்டத்துக்குக் கீழேயே நெரித்துக் குறுக்கு ஒட்டுப் போடுவது இம்முறையில்தான். தாடை பாலைப் பிதுக்கித் தள்ளியபின் ஒட்டுவதால் உள்ளே காற்றுக்கு இடமில்லை. நீண்ட ஆயுள் பாலுக்கு இதைவிட நம்பகமான ஒட்டு இருப்பதாக நான் கருதவில்லை. ஆனால் அலுமினியம் இல்லாத பெட்டியில் இது வேலையே செய்யாது. அலுமினியம் மடிப்பில் வெடித்திருந்தாலும் மின்னோட்டம் தடைப்பட்டு, அந்த இடம் குளிர்ந்தே கிடக்கும். அலுமினியம் இல்லாத ஏறாவூர்ப் பெட்டிக்கு இது பொருந்தாது என்பதால் இதோடு விடுகிறேன்.

காதுக்கு எட்டாத அளவு வேகமான அதிர்வைப் பயன்படுத்தும் கழியொலி முறையில், வினாடிக்கு 20,000 முதல் 40,000 தடவை அதிரும் உலோகக் கொம்பு தாள்களை எதிர்த்தாடையோடு அழுத்துகிறது. அதிர்வின் உராய்வால் இரு பொலித்தீன் பரப்புகளும் சந்திக்கும் இடத்திலேயே வெப்பம் பிறக்கிறது. கொம்பு பெரிதாகச் சூடாவதில்லை, ஆகையால் ஒட்டு உடனே ஆறுகிறது. அலுமினியம் தேவையில்லை. இடையில் அகப்பட்ட பாலையும் பழச்சதையையும் அதிர்வே ஓரத்துக்குத் தள்ளிவிடுவது இதன் பெரிய நன்மை. பானப் பெட்டிகள் செய்யும் சிக் (SIG) நிறுவனத்தின் முன்மடித்த பெட்டிகள் மேலே இம்முறையில்தான் ஒட்டப்படுகின்றன. நாரும் சதையும் நிறைந்த விளாம்பழப் பானத்துக்கு நான் இதையே முதலில் வைப்பேன். மின்சாரத்திலும் இலாபம் உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை இங்கே எவரும் மறக்கவில்லை. காற்றுச் சூடாக்கி ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் மீண்டும் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும், கழியொலிக் கருவிக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. எதிர்ப்பக்கத்தில் விலை இருக்கிறது. கொம்பும் எதிர்த்தாடையும் நூலிழை பிசகாமல் இணையாக நிற்க வேண்டும். கொம்பு தேய்ந்தால் அதன் அதிர்வெண்ணுக்கு இசைவான இன்னொன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். அதுவரை உற்பத்தி நிற்கும்.

இயந்திரத்தை மாற்றாமலே ஒட்டைத் திருத்தும் வழியொன்றும் உண்டு. உட்படையில் வழமையான பொலித்தீனுக்குப் பதிலாக மெற்றலோசீன் என்னும் வினையூக்கியால் செய்த பொலித்தீன் பூசிய அட்டையை வாங்கினால், அது குறைந்த வெப்பத்திலேயே ஒட்டத் தொடங்கி, முற்றாக ஆறுமுன்னரே பிடித்துக்கொள்கிறது. வெப்பத்தைக் குறைக்க முடிவதால் கொப்பளமும் குறையும்.

ஆகவே பாலுக்கு இருக்கும் இயந்திரத்தையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். அட்டைக் கட்டுகளைப் பிரிக்காமல் உலர்ந்த அறையில் வைப்பது, நிரப்பும் குழாயின் சொட்டலை நிறுத்துவது, தாள்கள் குறையும் நடுப்புள்ளியில் சற்று மேடும் கூடும் மூலையில் சற்றுப் பள்ளமுமாகத் தாடையைக் கடைவது, இந்த ஒழுங்கில் செய்துவிட்டு, வேலை தொடங்கும்போதும் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பின்னரும் சாயச் சோதனை நடத்த வேண்டும். விளாம்பழப் பானத்தைத் தனிவரிசையாக்கும் அளவுக்கு விற்பனை வளர்ந்தால் மட்டுமே கழியொலிக்குக் காசு போடலாம். அப்போதும் மாற்றுக் கொம்பு ஒன்றையும் இயந்திரத்தோடு சேர்த்தே விலை பேச வேண்டும். தாடை இப்போது மட்டக்களப்பிலுள்ள கடைசல் பட்டறையொன்றில் இருக்கிறது.