கேஸ்ட்ரிக் பைபாஸ்: மூன்றரை வருடத்துச் சாப்பாடும் சோர்வும்

அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாள் காலையில் நர்ஸ் ஒரு குட்டிப் பிளாஸ்டிக் கோப்பையைக் கையில் கொடுத்தார். இருமல் மருந்தை அளந்து குடிப்போமே, அந்த மூடி அளவுதான். 30 மில்லி தண்ணீர். "பதினைஞ்சு நிமிஷம் வச்சுக் குடிங்க, ஒரே மடக்கா வேண்டாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிற்றில் போட்ட துளைகள் வலித்தன. ஒரு லிட்டர் பாட்டிலை நின்ற இடத்திலேயே காலி செய்கிறவள் நான். அந்த மூடித் தண்ணீரை முடிக்க அன்று இருபது நிமிடம் ஆனது, பாதியில் விக்கல் வேறு.

அதற்குப் பிறகு மூன்றரை வருடம் ஓடிவிட்டது. செய்துகொண்டது கேஸ்ட்ரிக் பைபாஸ், எடை குறைக்க இரைப்பையிலும் குடலிலும் செய்யும் அறுவைச் சிகிச்சை. (பைபாஸ் என்று சொன்னதும் பாதிப் பேர் இதயம் என்று நினைத்துப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள்.) அப்போது எடை 121 கிலோ. 74 வரை இறங்கி, இப்போது 78-ல் நிற்கிறது. சர்க்கரை மாத்திரை நின்றுவிட்டது. பி.பி. மாத்திரை ஒன்று மட்டும் பாக்கி.

எடைக் கணக்கை எல்லோரும் எழுதுகிறார்கள். நான் சொல்ல வந்தது சோர்வைப் பற்றி. எடை குறைந்தால் உடம்பு காற்றாகிவிடும் என்று நம்பித்தான் போனேன். முதல் இரண்டு வருடத்துக்குள் மூன்று முறை கட்டிலை விட்டு எழ முடியாமல் கிடந்தேன். ஒவ்வொரு முறையும் "சாப்பாடு குறைஞ்சுபோச்சு, அதான்" என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். மூன்று முறையும் காரணம் வேறு.

எனக்கு என்ன செய்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவது புரிய வேண்டும். இரைப்பையின் மேல் நுனியில் சுமார் 30 மில்லி பிடிக்கும் ஒரு சின்னப் பையை மட்டும் தனியாகப் பிரித்துவிட்டார்கள். சிறுகுடலைக் கொஞ்சம் கீழே வெட்டி, மேலே இழுத்து, அந்தப் பையோடு நேராக இணைத்துவிட்டார்கள். சாப்பாடு பழைய இரைப்பைக்குள்ளும் போகாது, சிறுகுடலின் முதல் பகுதிக்குள்ளும் போகாது. எடை குறைக்கும் இன்னொரு அறுவைச் சிகிச்சையான ஸ்லீவ் செய்துகொண்டவர்களுக்குக் குடலில் கை வைப்பதில்லை. இரைப்பையில் முக்கால் பங்குக்குமேல் எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போல ஒரு குழாயாக விடுகிறார்கள். அதனால் நான் சொல்வதில் சில விஷயங்கள் அவர்களுக்கு அப்படியே பொருந்தாது.

முதல் சோர்வு மூன்றாவது வாரத்தில் வந்தது. குளித்துவிட்டு நிமிர்ந்தால் கண் இருட்டும். கதவைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்பேன். அப்போது திரவ உணவிலிருந்து மசித்த உணவுக்கு மாறிக்கொண்டிருந்தேன். கெட்டியான சாப்பாட்டுக்கு வர எனக்கு இரண்டு மாதம் ஆனது. நாளைக்கு நாலைந்து கிண்ணம் கஞ்சித் தண்ணீரும் சூப்பும் குடிக்கிற உடம்பு வேறு எப்படி இருக்கும் என்று விட்டுவிட்டேன். என் கணவர்தான் பழைய பி.பி. கருவியை எடுத்துவந்து கையில் சுற்றினார். 92-க்கு 58. 121 கிலோவுக்கு எழுதிக்கொடுத்த இரண்டு பி.பி. மாத்திரைகளையும், பதினொரு கிலோ இறங்கிய பிறகும் நேரம் தவறாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு வாரத்தில் வந்து மாத்திரை அளவைச் சரிபார்க்கும்படி டிஸ்சார்ஜ் சம்மரியில் தெளிவாக எழுதியிருந்தது. நான் படித்தது "என்ன சாப்பிடலாம்" பக்கத்தை மட்டும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே கதைதான், எடை இறங்குவதற்கு முன்பே சர்க்கரை இறங்க ஆரம்பித்துவிடும்.

மாத்திரை பாதிக் காரணம். மீதிப் பாதி தண்ணீர். நாளைக்கு ஒன்றரை லிட்டராவது குடிக்கச் சொல்லியிருந்தார்கள். அளந்து பார்த்தபோது 700 மில்லிகூடத் தாண்டவில்லை. மடக் மடக்கென்று குடிக்க வழியில்லை. சாப்பிடும்போதும், சாப்பிட்டு அரை மணி நேரம் வரையும் குடிக்கக் கூடாது. போதாக்குறைக்குத் தண்ணீரே செம்பு மாதிரி ருசித்தது. சின்ன பாட்டிலில் கோடு போட்டு, மணிக்கு 100 மில்லி என்று நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருந்தேன். ஒரு வாரத்தில் கண் இருட்டுவது நின்றது. அந்த ஒரு வாரத்தில் சாப்பாட்டில் எதையும் மாற்றவில்லை.

சாப்பிடக் கற்றுக்கொண்டதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த வயதில் மறுபடி எல்.கே.ஜி. சேர்ந்த மாதிரி இருந்தது. ஒன்பதாவது வாரம், முதல் துண்டு கோழிக்கறி. கட்டைவிரல் நகம் அளவுதான். நன்றாக மென்றதாகத்தான் நினைப்பு. இரண்டாவது துண்டு இறங்கியதும் நெஞ்சுக்கூட்டின் நடுவே ஒரு கல் உட்கார்ந்த மாதிரி வலி. வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது. சாதாரண எச்சில் இல்லை, சோப்பு நுரை மாதிரி கெட்டியாக வரும், துப்பத் துப்ப வரும். தொட்டியைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். கடைசியில் அந்தத் துண்டு வந்த வழியே வெளியே வந்தது. உள்ளே போனபடியே வந்தது, மென்ற லட்சணம் அதிலேயே தெரிந்தது.

அன்றிலிருந்து குழந்தைக்கு ஊட்டும் ஸ்பூன்தான். ஒரு வாய் வைத்தால் ஸ்பூனைக் கீழே வைத்துவிட வேண்டும். கையில் ஸ்பூன் இருந்தால் அது தானாக அடுத்த வாய்க்குப் போகும், நான் என்ன செய்ய. வாயில் இருப்பது கூழான பிறகுதான் விழுங்குவது. ஒரு சாப்பாட்டுக்கு இருபது நிமிடத்திலிருந்து அரை மணி. அம்மா எதிரே உட்கார்ந்து, "ஏன்டி, குருவி கொத்துற மாதிரி கொத்திக்கிட்டு, எப்படிடி தெம்பு வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவருக்குப் பதில் சொல்லக்கூட வாய் காலி இல்லை.

வயிறு நிறைந்தது என்று எனக்குச் சொல்வது வயிறு இல்லை, மூக்கு. திடீரென்று மூக்கில் நீர் வரும், இல்லாவிட்டால் ஒற்றை விக்கல். அதோடு நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒரே ஒரு ஸ்பூன் என்று போனால் மறுபடி தொட்டிதான். மிருதுவாக இருக்கிறதே என்று நம்பிய குழைந்த சோறும் ரொட்டியும் உள்ளே போய்ப் பசை மாதிரி அடைத்துக்கொண்டன. மறுநாள் சூடு பண்ணிய கறி ரப்பர். ஈரமும் குழம்பும் உள்ளவை சுலபமாக இறங்கின. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: எப்போதாவது அடைத்துக்கொண்டு வருவது வேறு, நாள் கணக்கில் எதுவும் தங்காமல் வாந்தியாகப் போவது வேறு. பின்னது வந்தால் வீட்டில் வைத்துக்கொண்டு கைவைத்தியம் பார்க்காதீர்கள். பி1 வைட்டமின் சீக்கிரமே தீர்ந்துபோய் நரம்பையும் மூளையையும் பாதிக்கும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புரோட்டீன் நாளைக்கு 60 முதல் 80 கிராம் என்பது எனக்குக் கொடுத்த இலக்கு. ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தச் சின்னப் பையில் வேறெதற்கும் இடமில்லை. அதனால் தட்டில் எது இருந்தாலும் முட்டை, மீன், கறி, பருப்பு, தயிர் முதலில், மற்றதெல்லாம் இடம் மிஞ்சினால். முதல் ஆறு மாதம் பவுடர் இல்லாமல் அந்த எண்ணிக்கையைத் தொட முடியவில்லை.

இரண்டாவது சோர்வு ஐந்தாம் மாதம். இது நேரம் பார்த்து வரும். காலை பதினோரு மணி வாக்கில் அலுவலகத்தில் கை நடுங்கும், திரையில் எழுத்து ஓடும், யாராவது பேசினால் அழுகை வரும். பசி என்று நினைத்து இரண்டு பிஸ்கட் தின்பேன். உடனே சரியாகும். ஒரு மணிக்கு மறுபடி அதே நடுக்கம். இதற்கிடையில் ஒரு விருந்தில் ஒரு டம்ளர் பழச்சாறு குடித்து, இருபது நிமிடத்தில் நெஞ்சு படபடத்து, வியர்த்துக் கொட்டி, யாரோ ஒருவர் வீட்டுக் கட்டிலில் போய்ப் படுத்த சம்பவமும் நடந்தது.

இரண்டுக்கும் பெயர் டம்பிங். பழச்சாறில் வந்தது முதல் வகை. இனிப்பு, இரைப்பையில் தங்காமல் நேராகக் குடலில் கொட்டும்போது அது உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்கிறது, அதனால் படபடப்பு, வயிற்று முறுக்கல், பேதி. பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் வந்துவிடும். அலுவலகத்தில் வந்தது இரண்டாம் வகை, சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து. சர்க்கரை வேகமாக ரத்தத்தில் ஏற, உடம்பு பயந்துபோய் இன்சுலினை அள்ளிக் கொட்ட, சர்க்கரை பாதாளத்துக்குப் போகிறது. பழைய குளுக்கோமீட்டர் மேஜை டிராயரில் கிடந்ததால் ஒரு நாள் அந்த நடுக்கத்திலேயே குத்திப் பார்த்தேன். 54. மருந்தாக நினைத்துத் தின்ற பிஸ்கட்தான் அடுத்த சரிவுக்கு விதை போட்டுக்கொண்டிருந்தது.

டயட்டீஷியன் என் காலைச் சாப்பாட்டைக் கேட்டார். ஓட்ஸ், வாழைப்பழம், மேலே தேன். பெருமையாகத்தான் சொன்னேன். "இதுல புரோட்டீன் எங்க மேடம் இருக்கு?" என்றார். தேனும் பழமும் போய் இரண்டு முட்டை வந்தன. பதினோரு மணி நடுக்கம் ஒரு வாரத்தில் நின்றது. சர்க்கரை 70-க்குக் கீழே போனால் கொஞ்சம் குளுக்கோஸ், அது ஏறியதும் கையோடு ஒரு முட்டையோ தயிரோ, இதுதான் எனக்குச் சொன்ன முறை. இப்போதும் வருடத்தில் இரண்டு மூன்று தடவை வரும், பெரும்பாலும் நான் செய்த தப்பால்.

மூன்றாவதுதான் மோசம், ஏனென்றால் அது வந்தபோது நான் பார்க்க அழகாக இருந்தேன். ஒன்றரை வருடம் முடிந்து, 74 கிலோ, புதுத் துணிகள், பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டு. உள்ளே பார்த்தால் ஒரு மாடி ஏற இரண்டு இடத்தில் நிற்கிறேன். முடி கொட்டியது. நாலாம் மாதம் கொட்டியதைப் பற்றிக் கவலைப்படவில்லை. வேகமாக எடை குறைந்தால் அப்படித்தான் கொட்டும், திரும்ப முளைக்கும் என்றார்கள், முளைத்தது. இது இரண்டாவது சுற்று. அப்புறம் ஐஸ். ஃப்ரீசரிலிருந்து ஐஸ் கட்டியை எடுத்துக் கடக் முடக்கென்று கடித்துத் தின்பேன், நாளைக்கு ஒரு ட்ரே. ராத்திரி எழுந்துபோய்த் தின்றிருக்கிறேன். வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் ஒரு மருத்துவரிடம் காட்டியதில் ஹீமோகுளோபின் 11.4. "லேசாத்தான் கம்மி, நல்லா சாப்பிடுங்க" என்று அனுப்பிவிட்டார். நல்லா சாப்பிடுவதா, நானா! மூன்று மாதம் கழித்து அறுவைச் சிகிச்சை செய்த குழுவிடம் போனபோதுதான் பெரிட்டின் பார்த்தார்கள். 6. உடம்பின் இரும்புக் கிடங்கு துடைத்துவிட்ட மாதிரி காலி. ஹீமோகுளோபின் கடைசியில்தான் விழும், கிடங்கு அதற்கு ரொம்ப முன்பே தீர்ந்துவிடும் என்றார்கள். ஐஸ் கடிக்கும் ஆசைகூட இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாம். அந்தக் குழுவில் இருந்த ஓர் அம்மா அதைச் சொன்னபோது, எனக்கு யாரோ திருட்டைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

இரும்பு அதிகம் உறிஞ்சப்படும் இடம் சிறுகுடலின் அந்த முதல் பகுதி. எனக்கு அது வழியிலேயே இல்லை. இந்தச் சின்னப் பையில் சுரக்கும் அமிலமும் குறைவு. மாதவிடாய் வேறு. இத்தனைக்கும் மேல், இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்து உள்ளங்கையில் போட்டு, காலை டீயோடு விழுங்கியிருக்கிறேன், ஒன்றரை வருடம். கால்சியமும் டீயும் இரும்பை உள்ளே விடாது. ஊசி வழியாக இரண்டு தடவை இரும்பு ஏற்றினார்கள். மூன்றாவது வாரம் மாடிப்படியில் பாதியில் நிற்க மறந்துபோனேன், மேலே போன பிறகுதான் உறைத்தது.

இப்போது மாத்திரைகளுக்கு ஒரு ரயில்வே டைம்டேபிள் இருக்கிறது. கால்சியம் சிட்ரேட், ஒரு தடவைக்கு 500 மில்லிகிராம், காலை, மதியம், சாயங்காலம். கார்பனேட் வகைக்கு அமிலம் வேண்டும், சிட்ரேட்டுக்கு அவசியமில்லை. இரும்பு ராத்திரி தனியாக, கால்சியத்திலிருந்து குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளி. பி12 தினமும் 1000 மைக்ரோகிராம். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் இதன் குறை உடனே தெரியாது, ஒரு வருடம் கழித்துக்கூட வரும், அதற்குள் "எனக்கு எதுவும் ஆகலையே" என்று நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். இவை என் அளவுகள், உங்களுடையதை உங்கள் ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். பல்வலிக்கு இபுப்ரோஃபென் மட்டும் யார் நீட்டினாலும் வாங்காதீர்கள், இணைப்பு போட்ட இடத்தில் புண் வரும்.

பிடிக்காதவையும் உண்டு. ஒரு வருடத்துக்குப் பிறகு பசி திரும்பி வந்தது, அதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை. கோழிக்கறி நாலு துண்டில் நிறைகிற வயிற்றில், சிப்ஸ் ஒரு பாக்கெட் வழுக்கிக்கொண்டு போகிறது. டிவி முன்னால் உட்கார்ந்து கொறித்துத்தான் அந்த நாலு கிலோ திரும்பியது. வேறு மர்மம் ஒன்றும் இல்லை. எடையோடு தசையும் கரைந்திருந்தது. ஜாடி மூடி திறக்க மகனைக் கூப்பிட்டேன். வாரம் மூன்று நாள் டம்பெல் தூக்க ஆரம்பித்துப் பத்து மாதம் ஆகிறது, இப்போது நானே திறக்கிறேன்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுக்கிறேன். ஹீமோகுளோபினோடு நிறுத்தாமல் பெரிட்டின், பி12, வைட்டமின் டி, கால்சியம் எல்லாம் வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. வீட்டில் இன்னொரு பரிசோதனையும் நடக்கிறது. என் கணவர் ராத்திரி ஃப்ரீசரைத் திறந்து ஐஸ் ட்ரேயைப் பார்ப்பார். இரண்டு குழி காலியாக இருந்தால் போதும், "பெரிட்டின் எப்போ பார்த்த?" என்று ஹாலிலிருந்து சத்தம் வரும். போன வாரம் காலி செய்தது மகன். நம்பவில்லை.