இண்டக்‌ஷன் அடுப்பு: மேடைமேல் படியட்டுமா, மேடையோடு சமமாகவா?

மேடையில் பதிக்கும் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கும் பலர் தயங்குவது இங்கேதான்: கண்ணாடி விளிம்பு மேடைமேல் படிந்திருக்கட்டுமா, ஒரே மட்டமாக இறக்கிவிடலாமா?

செலவு: மேலே படிவதற்கு ஒரு துளை போதும். சமமாக இறக்க, துளையைச் சுற்றிக் கண்ணாடியின் தடிமன் ஆழத்துக்கு ஒரு பள்ள விளிம்பும் செதுக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் கண்ணில் படும்.

மேடை: படிவது லேமினேட், கல் இரண்டிலும் சரி. சமமானதற்குக் கல்தான் நல்லது. லேமினேட்டைச் செதுக்கினால் உள்ளிருக்கும் மரத்துகள் பலகை ஈரம் பட்டு ஊதிவிடும். எந்த வகையானாலும் லேமினேட்டின் வெட்டிய விளிம்புக்கு சீலன்ட் (ஈரம் புகாமல் அடைக்கும் பசை) பூசுங்கள். கல்லில் துளையின் மூலைகளை வளைவாக வெட்டச் சொல்லுங்கள். கூர்மூலையில்தான் விரிசல் கிளம்பும்.

துடைப்பது: சமமானது சுலபம்.

பழுது: எனக்கு இதுதான் முக்கியம். படிவதில் அடியில் நுரை நாடா மட்டுமே, எளிதாகத் தூக்கலாம். சமமானதில் சுற்று இடைவெளியை அடைத்திருக்கும் சிலிக்கான் பசையை அறுக்க வேண்டும். அப்புறம் மாற்று அடுப்பும் அதே அளவில் கிடைக்க வேண்டும்.

மின்சாரத்தில் இரண்டும் ஒன்றே. 7.2 கிலோவாட் அடுப்பு முழு வேகத்தில், 230 வோல்ட்டில் சுமார் 31 ஆம்பியர் இழுக்கும். சாதாரண பிளக்கில் மாட்டவே கூடாது. தனி மின்சுற்று, எர்த், தகுதியுள்ள எலக்ட்ரீஷியன் மூன்றும் கட்டாயம். கையேடு சொல்லும் காற்று இடைவெளியை அடியில் விடுங்கள்.

புதிதாகக் கல்மேடை போடுகிறீர்கள், நல்ல கல் வேலைக்காரரும் இருக்கிறார் என்றால் சமமானது. மேடை பழையது அல்லது லேமினேட் என்றால் யோசிக்காமல் மேலே படிவதையே எடுங்கள்.